போர்ட்டோ அலேக்ரே: சட்டத்தில் எழுதப்படாத வரவு செலவுத் திட்டம்

மாநகர சபையொன்றின் வரவு செலவுத் திட்டத்தைப் போலச் சலிப்பூட்டும் ஆவணம் வேறொன்று இருப்பது அரிது. ஆண்டிறுதியில் அது அச்சிடப்படுகிறது, சபையில் சமர்ப்பிக்கப்படுகிறது, ஆளுந்தரப்பினர் ஆதரித்தும் எதிர்த்தரப்பினர் எதிர்த்தும் வாக்களிக்கின்றனர், எத்தனை மேலதிக வாக்குகளால் நிறைவேறியது என்ற செய்தி மறுநாள் பத்திரிகையின் உட்பக்கமொன்றில் வெளியாகிறது. எந்த வீதி செப்பனிடப்படும், எந்த ஒழுங்கைக்குக் குடிநீர்க் குழாய் வரும் என்பதெல்லாம் அந்த ஆவணத்துக்குள்தான் இருக்கின்றன. ஆனால், அந்த ஒழுங்கையில் வசிப்பவர் அதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். இத்தகைய கூட்டங்களைப் பற்றி எழுதுவதற்காகச் சென்ற காலங்களில், பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் வெறுமையாகக் கிடப்பதையே நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.

இலங்கையில் 1974 ஆம் ஆண்டு பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் அறிமுகமானபோது, நிதி கொழும்பிலிருந்து தொகுதிகளை நோக்கி நகர்ந்தது உண்மையே. எனினும், எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பாராளுமன்ற உறுப்பினரின் கையோடு நின்றுவிட்டது. ஊர்மக்கள் மனுக்கொடுப்பவர்களாகவே இருந்தனர். பாலம் கிடைத்தால் அது உறுப்பினரின் தயவு. கிடைக்காவிட்டால் அவருக்கு வாக்களிக்காததன் தண்டனை.

அந்த ஆவணத்தையே மக்களின் கையில் கொடுத்துப் பார்த்த நகரமொன்றின் கதையை இங்கு எழுத விரும்புகிறேன். பிரேஸிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சூலின் தலைநகர் போர்ட்டோ அலேக்ரே. குவாயிபா என்ற பரந்த நீர்ப்பரப்பின் கரையில் அமைந்த, ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் வாழும் நகரம் அது. பெயரின் பொருள் மகிழ்ச்சித் துறைமுகம். ஆனால் 1980களில் அந்நகரின் விளிம்புகளில் மகிழ்ச்சிக்குரியதாக அதிகம் எதுவும் இருக்கவில்லை. நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள் மேட்டுச் சரிவுகளிலும் சதுப்பு நிலங்களிலும் குடிசைகளை அமைத்திருந்தனர். ரியோ டி ஜெனீரோவில் 'பவேலா' எனப்படும் சேரிகளை இந்நகரத்தார் 'விலா' என்றே அழைப்பர். (நம்மவர் வில்லா என்று சொல்லும் மாளிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நகர மையத்திலிருந்த சேரிகளை அகற்றியபோது அங்கிருந்தோரை 20 கிலோமீற்றருக்கு அப்பால் ரெஸ்டிங்கா என்ற வெட்டவெளியில் குடியேற்றினர். குடிநீரோ வீதியோ வருவதற்கு முன்னர் மனிதர்கள் வந்துவிட்டார்கள்.

1964 முதல் 1985 வரை பிரேஸில் இராணுவ ஆட்சியின் கீழ் இருந்தது. மாநிலத் தலைநகரங்களின் முதல்வரைத் தெரிவு செய்யும் உரிமை மக்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்த காலம் அது. அரசியல் பேசத் தடை இருந்த வேளையில் குழாய்நீரைப் பற்றியும் வடிகானைப் பற்றியும் பேசுவதற்குப் பெரிய தடையிருக்கவில்லை. குடியிருப்பாளர் சங்கங்கள் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தன. 1983 இல் அவை ஒன்றிணைந்து போர்ட்டோ அலேக்ரே குடியிருப்பாளர் சங்கங்களின் ஒன்றியத்தை அமைத்தன. இராணுவம் பாசறைக்குத் திரும்பிய மறு ஆண்டில், 1986 இல், அந்த ஒன்றியம் அன்றைய முதல்வர் அல்சேயு கொல்லாரெஸிடம் ஒரு கோரிக்கையை முன்வைத்தது. நகரின் வரவு செலவுத் திட்டத்தை வகுப்பதில் குடியிருப்பாளர்களுக்கும் பங்கு வேண்டும் என்பதே அது. இந்தக் கோரிக்கையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. பின்னாளில் இம்முறைக்கு உலகப் புகழ் வந்தபோது, ஏதோ ஒரு கட்சியின் மூளையில் உதித்த திட்டம் என்பதாகவே அது எழுதப்பட்டது. கேட்டவர்கள் முதலில் மக்கள். கொடுத்த கட்சி பின்னர் வந்தது.

அந்தக் கட்சி தொழிலாளர் கட்சி. லூலா டா சில்வா தலைமை தாங்கிய அதே கட்சிதான். 1988 நவம்பரில் நடைபெற்ற நகரத் தேர்தலில் அதன் வேட்பாளரான ஒலீவியோ டுட்ரா வெற்றி பெற்றார். வங்கி ஊழியர் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர் அவர். 1989 ஜனவரியில் பதவியேற்றபோது மாநகரத்தின் கஜானா இருந்த நிலை கவலைக்குரியது. வருவாயில் 95 சதவீதத்துக்கும் மேல் ஊழியரின் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நாட்டின் பணவீக்கமோ ஆண்டுக்கு ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மாநகர சபையின் 33 உறுப்பினர்களில் தொழிலாளர் கட்சிக்குப் பெரும்பான்மையும் இல்லை.

இந்த நிலையில்தான் புதிய நிர்வாகம் மக்களை அழைத்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது. மக்கள் சொன்னார்கள். பட்டியல் நீண்டது. நிறைவேற்றுவதற்குப் பணம் இருக்கவில்லை. முதல் ஆண்டு வாக்குறுதிகளில் பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றது. கேட்டுவிட்டுக் கைவிரிப்பதைக் காட்டிலும் கேளாமலே இருப்பது மேல் என்ற கசப்பு பரவியது. 1990 இல் நகரம் முழுவதிலும் நடந்த கூட்டங்களுக்கு வந்தவர்களின் மொத்தத் தொகை ஆயிரத்தைக் கூட எட்டவில்லை.

இம்முறையைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இடம் இது. மக்கள் கையுயர்த்தியதால் வீதி வந்துவிடவில்லை. முதலில் பணம் வந்தது. அது இரு வழிகளில் வந்தது. 1988 ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு, மத்திய அரசும் மாநில அரசுகளும் திரட்டும் வரிகளில் நகரங்களுக்குரிய பங்கை உயர்த்தியது. நகர நிர்வாகமும் தன் பங்குக்கு ஆதன வரியைத் திருத்தியது. பெறுமதி கூடிய சொத்துக்குக் கூடிய விகிதம், பணவீக்கத்தோடு சேர்ந்து உயரும் கணக்கீடு, ஏய்ப்போரைத் தேடிப்பிடித்தல் என மூன்றும் அதில் அடங்கின. ஆயிரம் சதவீதப் பணவீக்கத்தில், ஆறு மாதம் தாமதித்துச் செலுத்தும் வரி வரியே அல்ல; அன்பளிப்பு. செல்வர்கள் அதுகாறும் அந்த அன்பளிப்பை அனுபவித்து வந்தனர். பெரும்பான்மையற்ற சபையில் வரித்திருத்தத்தை நிறைவேற்றிக்கொள்ள, சேரிவாழ் மக்களின் சங்கங்கள் கொடுத்த நெருக்குதல் துணைநின்றது. அதாவது, எப்படிச் செலவிடுவது என்று பேசவந்த மக்கள், எப்படித் திரட்டுவது என்ற கேள்விக்குள்ளும் இழுக்கப்பட்டனர்.

பணம் வந்த பின்னர் வேலைகள் தொடங்கின. வேலைகளைக் கண்ணால் கண்ட பின்னர் கூட்டங்கள் நிரம்பின. 1992 இல் கலந்துகொண்டோர் ஏழாயிரத்தைத் தாண்டினர். அடுத்த ஆண்டு பத்தாயிரத்தை. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 20 ஆயிரம் அளவில் இருந்தது. 13 இலட்சம் பேரில் இது மிகச் சிறிய பங்குதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும் வந்தவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். வழமையான அரசியல் கூட்டங்களில் காண முடியாத வறியவர்களும், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களும் பெருமளவில் வந்தனர். 1990களின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட கணிப்புகளின்படி கூட்டங்களுக்கு வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். ஆனால், தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதிகளிடையே அவர்களது பங்கு அப்போது அந்த அளவுக்கு இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செயல்முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நகரம் 16 பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. 1994 இலிருந்து போக்குவரத்து, சுகாதாரம், கல்வி, பொருளாதாரம், நகர அமைப்பு ஆகிய ஐந்து துறைகளுக்கும் தனித்தனிக் கூட்டங்கள் சேர்க்கப்பட்டன. ஆண்டின் முற்பகுதியில் பாடசாலை மண்டபத்திலோ தேவாலய மண்டபத்திலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ பிராந்தியப் பேரவை கூடும். வாசலில் பெயரைப் பதிந்துகொண்டே உள்ளே செல்லவேண்டும். அந்தப் பதிவு வெறும் சம்பிரதாயம் அன்று. வந்தவர்களின் தொகையே பிரதிநிதிகளின் தொகையைத் தீர்மானித்தது. பத்துப் பேருக்கு ஒருவர் என்ற விகிதம் பிற்காலத்தில் நிலைபெற்றது. ஆகவே தன் ஒழுங்கைக்கு வடிகான் வேண்டுமென்று விரும்பியவர் அயலவரின் கதவுகளைத் தட்டித் திரட்டிக்கொண்டு வந்தார்.

பேரவையின் முதல் அலுவல் புதிய கோரிக்கைகள் அல்ல, பழைய கணக்கு. சென்ற ஆண்டு தீர்மானித்தவற்றில் எவை முடிந்தன, எவை முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதை முதல்வரும் அதிகாரிகளும் மேடையேறிச் சொல்லவேண்டும். ஒவ்வோராண்டும் முதலீட்டுத் திட்டம் சிறு நூலாக அச்சிடப்பட்டு விநியோகிக்கப்பட்டது. எந்தப் பிராந்தியத்தில் எந்த வீதி, எவ்வளவு தூரம் என்பது அதில் பிராந்தியவாரியாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் குடியிருப்பாளருக்கு முன்னால் மழுப்பிவிட்டுப் போக அதிகாரியால் முடியாது. என்னைக் கேட்டால், வாக்களிப்பைக் காட்டிலும் அந்தச் சிறு நூல்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

பிராந்தியங்களிலிருந்து தலா இருவர், துறைக் கூட்டங்களிலிருந்து தலா இருவர், குடியிருப்பாளர் ஒன்றியத்திலிருந்து ஒருவர், மாநகர ஊழியர் தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் என 44 பேர் கொண்ட வரவு செலவுத் திட்டப் பேரவை அமைக்கப்பட்டது. அரசின் சார்பில் அமர்ந்தோருக்கு வாக்குரிமை கிடையாது. பேரவை உறுப்பினருக்குச் சம்பளமும் கிடையாது. பதவிக்காலம் ஓராண்டு, தொடர்ச்சியாக மேலும் ஒருமுறை மாத்திரமே தெரிவாகலாம், தெரிவு செய்தவர்கள் விரும்பினால் இடையிலும் திருப்பியழைக்கலாம். பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு மாலையில் வந்து அமர்ந்த இவர்கள் வாரந்தோறும் கூடி விவாதித்தனர்.

16 பிராந்தியங்களும் வீதி கேட்டால் யாருக்கு எவ்வளவு? இங்குதான் அந்நகரத்தார் கணிதத்தின் துணையை நாடினர். ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் மூன்று அளவுகோல்களின்படி புள்ளிகள் வழங்கப்பட்டன. அந்த வசதி அங்கு எந்த அளவுக்குக் குறைவாக உள்ளது என்பது முதலாவது. பிராந்தியத்தின் சனத்தொகை இரண்டாவது. அந்தப் பிராந்தியமே அதற்கு எத்தனையாவது முன்னுரிமை கொடுத்தது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை உண்டு. குறைபாட்டுக்கும் முன்னுரிமைக்கும் கூடிய நிறை. சனத்தொகைக்குக் குறைந்த நிறை. நிறைகளால் பெருக்கிக் கூட்டிவரும் புள்ளிகளின் விகிதத்தில் வளங்கள் பங்கிடப்பட்டன.

இதன் விளைவு எளிதில் விளங்கக்கூடியது. வசதி படைத்தோர் வாழும் பிராந்தியம் தன் ஆட்களைத் திரட்டி வந்து வீதிக்கே முதலிடம் என்று வாக்களித்தாலும், அதன் வீதிகள் ஏற்கெனவே செப்பனிடப்பட்டவையாதலால் முதல் அளவுகோலில் அதற்குப் புள்ளி கிடைக்காது. சேற்றில் நடப்போர் குறைவாகவே வந்திருந்தாலும் சேறே அவர்களுக்காக வாதாடியது. பெரும்பான்மை வாக்கு என்ற ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திராது. நிறைகள் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதையும் ஆண்டுதோறும் பேரவையே விவாதித்து மாற்றியது. நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப்பார்த்து வாதிட்டார்கள்.

அவர்கள் கையில் இருந்தது முழு வரவு செலவுத் திட்டமும் அல்ல என்பதைச் சொல்லாமல் விடலாகாது. சம்பளமும் அன்றாட நிர்வாகச் செலவும் பெரும்பகுதியை விழுங்கின. புதிய முதலீடுகளுக்கு எஞ்சிய பகுதியே, அதாவது நல்ல ஆண்டுகளில் 10 முதல் 20 சதவீதம் வரையிலான தொகையே, உண்மையில் மக்களின் தீர்மானத்துக்கு வந்தது. ஆயினும் அந்தச் சிறு பகுதி நிலத்தில் தெரிந்தது. 1989 இல் குடிநீர் இணைப்புப் பெற்றிருந்த வீடுகள் 80 சதவீதம். 1996 இல் 98 சதவீதம். கழிவுநீர்க் குழாய் வசதி பாதிக்கும் குறைவானோருக்கே இருந்த நிலைமாறி, அதே காலத்தில் 85 சதவீதத்தை எட்டியது. ஆண்டுதோறும் 25 கிலோமீற்றருக்கும் மேலான வீதிகள் வறிய பகுதிகளில் செப்பனிடப்பட்டன.

1996 இல் இஸ்தான்புல்லில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்பு மாநாடு இதனைச் சிறந்த நடைமுறைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 2001 ஜனவரியில் முதலாவது உலக சமூக மாமன்றம் போர்ட்டோ அலேக்ரேயிலேயே கூடியது. உலகமயமாக்கலை எதிர்ப்போர் அங்கு வந்து இம்முறையைக் கண்டு வியந்து சென்றனர். அவர்கள் எதிர்த்த உலக வங்கியும் அதே முறையைப் பாராட்டிப் பிற நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. இரு தரப்பாரும் ஒரே நகரத்தைக் காட்டி வெவ்வேறு பாடம் சொன்னது வேடிக்கையான காட்சிதான்.

இனி, இக்கதையின் முக்கிய முடிச்சுக்கு வருகிறேன். இத்தனையும் எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது என்று கேட்டால், எதிலும் இல்லை என்பதே விடை. வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும் சட்டபூர்வமான அதிகாரம் மாநகர சபையிடமே இருந்தது. மக்கள் பேரவை தீர்மானித்ததை முதல்வர் தன் முன்மொழிவாகச் செப்டெம்பர் இறுதியில் சபைக்கு அனுப்புவார். ஆயிரக்கணக்கானோர் கூடித் தீர்மானித்த ஒன்றைத் தூக்கியெறிய உறுப்பினர்களுக்குத் துணிவு வராது. அரசியல் நெருக்குதல் ஒன்றே அதன் காவல்.

சட்டமாக்கிவிட வேண்டுமென்ற யோசனை பலமுறை எழுந்தது. பேரவையில் இருந்தோரிற் பலர் அதை எதிர்த்தனர். சட்டமாக எழுதப்பட்டால் அதைத் திருத்தும் அதிகாரம் மாநகர சபைக்குப் போய்விடும். தம் விதிகளைத் தாமே ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் பறிபோகும் என்பது அவர்களது அச்சம். அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆனால், எழுதப்படாத உரிமை யாருடைய விருப்பத்தில் தங்கியிருக்கிறது என்ற கேள்வி அப்போது எழவில்லை. ஒரே கட்சி 16 ஆண்டுகள் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தபோது அது எழ வேண்டிய தேவையும் தெரியவில்லை.

2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றது. வெற்றி பெற்ற ஜொஸே பொகாசா, மக்கள் பேரவைகளைத் தொடர்வதாக வாக்குறுதியளித்தே வென்றார் என்பது கவனத்துக்குரியது. கூட்டங்கள் தொடர்ந்தன, கைகளும் உயர்ந்தன. ஆனால் அவற்றுக்கு ஒதுக்கிய பணம் சுருங்கியது. உண்மையில், தொழிலாளர் கட்சியின் இறுதி ஆண்டுகளிலேயே நிதி நெருக்கடி தொடங்கி, தீர்மானித்த வேலைகள் தாமதமாகிக்கொண்டிருந்தன. பழியை ஒரு தரப்பின்மீது மட்டும் சுமத்துவது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது. ஆண்டுக்கு ஆண்டு நிறைவேறாத தீர்மானங்கள் குவிந்தன. முன்னைய ஆண்டின் கணக்கைக் கேட்கும் அந்த முதல் அலுவல் பொருளிழந்தது. 1990 இன் கசப்பு வேறு உருவில் திரும்பி வந்தது. 2017 இல் முதல்வராகப் பதவியேற்ற நெல்சன் மார்கெஸான் ஜூனியர், பணமின்மையையும் குவிந்துகிடந்த பழைய கடப்பாடுகளையும் காரணங்காட்டிப் பேரவைகளை நிறுத்திவைத்தார். அதற்கு எந்தச் சட்டத்தையும் மாற்றவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

இதற்கிடையில் இம்முறை உலகெங்கும் பரவியிருந்தது. பரவும்போது உருவமும் மாறியது. நியூயோர்க்கில் 2011 இல் நான்கு நகரசபை உறுப்பினர்கள் தம் வட்டாரங்களில் தலா பத்து இலட்சம் டொலரையேனும் மக்களின் வாக்குக்கு விட்டனர். பாரிஸில் 2014 இல் முதல்வர் ஆன் ஹிடால்கோ இதனைத் தொடக்கிவைத்து, 2020 வரையான காலத்துக்கு 50 கோடி யூரோவை அறிவித்தார். அங்கு முதல் வாக்களிப்பில் முதலிடம் பெற்றது சுவர்களில் செடிகொடி வளர்க்கும் திட்டம். வடிகான் கேட்டுத் தொடங்கிய பயணம் பசுஞ்சுவரில் வந்து நின்றது. பாரிஸிலும் வறியோர் உண்டு. அவர்கள் வாழும் பகுதிகளுக்கென 2016 இலிருந்து தனித்தொகை ஒதுக்க வேண்டியிருந்தது. போர்ட்டோ அலேக்ரேயின் கணக்கு அங்கு கொண்டுசெல்லப்படாததன் விளைவு இது என்றே எனக்குப் படுகிறது.

எனினும் பாரிஸின் விதியொன்று எம்மவருக்குப் பொருளுள்ளது. அந்நகரில் வசிக்கும் எவரும், எந்த நாட்டுப் பிரஜையாயினும், அதில் வாக்களிக்கலாம். குடியுரிமை பெறாமல் பல்லாண்டுகளாக அங்கு வாழும் ஈழத்தமிழர் பிரெஞ்சு ஜனாதிபதியைத் தெரிவு செய்ய முடியாது. நகர முதல்வருக்கான தேர்தலிலும் வாக்களிக்க முடியாது. ஆனால், தாம் குடியிருக்கும் வட்டாரத்தின் பூங்காவுக்கோ பாடசாலை முற்றத்துக்கோ வாக்களிக்கலாம்.

சட்டத்தில் எழுதிக்கொண்ட நாடுகளும் உண்டு. தென்கொரியா 2011 இல் உள்ளூர் அரசுகளுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. போலந்தில், போர்ட்டோ அலேக்ரேயின் பேரவைகள் நிறுத்தப்பட்ட மறு ஆண்டின் ஜனவரியில், மாவட்ட அந்தஸ்துள்ள நகரங்கள் யாவும் தம் செலவில் குறைந்தது 0.5 சதவீதத்தை மக்களின் நேரடி வாக்குக்கு விடவேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. நல்ல ஆண்டுகளில் போர்ட்டோ அலேக்ரே மக்கள் தீர்மானித்ததோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பமான தொகை. ஆனால், எந்த நகர முதல்வரும் தம் விருப்பப்படி அதை நிறுத்திவைக்க முடியாது.